பழைய அஸ்யூத் சால்வையைப் பாதுகாக்க

எகிப்தின் அஸ்யூத் நகரப் பெயரால் அறியப்படும் சால்வைகளில் மெல்லிய வலைத்துணிக் கண்ணிகளுக்குள் தட்டையான உலோகத் தகட்டைக் கோத்து, குறுக்கே மடித்து, அழுத்தியிருப்பார்கள். 1920களைச் சேர்ந்தவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கும்முன் உள்ளங்கையால் தடவுங்கள். நல்ல பழைய வேலைப்பாடு வழுவழுப்பாக இருக்கும். அவசர வேலை சுரண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டைகளையும் பாருங்கள். தகடு கறுத்திருந்தால் கவலை இல்லை. வலை இற்றுப்போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஹேங்கரில் மாட்டவே கூடாது. மொத்த எடையும் நாலைந்து கண்ணிகளில் இறங்கி வலை கிழிந்துவிடும். மடித்து வைத்தால் மடிப்பில் தகடு வளைந்து நூலை அறுக்கும். அமிலமற்ற தாள் சுற்றிய அட்டைக் குழலில் உருட்டி வையுங்கள்.

துவைத்தே ஆகவேண்டுமென்றால், வெள்ளைத் துண்டின்மேல் பரப்பி, மிதமான சோப்புத் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். அலசியபின் துண்டோடு சேர்த்துத் தூக்குங்கள். ஈரத்தில் கனம் கூடும், தனியாகத் தூக்கினால் கிழியும். பிழியாமல், படுக்கையாக நிழலில் உலர்த்துங்கள். வெள்ளி பாலிஷ் வேண்டாம். கண்ணிகளில் தங்கி நூலைக் கெடுக்கும்.

ஆடையாக்க, தயவுசெய்து வெட்டாதீர்கள். வெட்டிய விளிம்பில் தகடுகள் உதிரும். உள்ளே பருத்தி ஸ்லிப் போட்டு, அதன் தோளில் தைத்த நாடாவோடு பல கண்ணிகளைச் சேர்த்து மெல்லிய நூலால் பிணையுங்கள். வாசனைத் திரவியத்தை உடுத்தும் முன்பே உடலில் பூசி உலரவிடுங்கள். உடுத்தியதும் எடையால் வலை நீளமாக இழுபடும், அகலம் குறையும். அதனால் கீழ் விளிம்பு கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும்.