புது மானிட்டர் வந்தது, சத்தம் போச்சு

படத்தோடு சத்தத்தையும் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிளில் புது மானிட்டரை மாட்டினேன். படம் பளிச், சத்தம் மட்டும் மூச்! மேஜைக்கடியில் குனிந்து ஸ்பீக்கரின் பச்சை பின்னைப் பிடுங்கிச் சொருகினேன். சவுண்ட் டிரைவரை (சத்தத்தை இயக்கும் மென்பொருளை) அழித்து மறுபடி போட்டேன். ஒரு மணி நேரம் தண்டம், தலையில் இடித்துக்கொண்டது தனி.

விண்டோஸ் 10-இல் ஸ்பீக்கர் ஐகானை ரைட் கிளிக் செய்து, சவுண்ட்ஸ், அதில் பிளேபேக் திறந்தேன். பாட்டை ஓடவிட்டால் மானிட்டர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் துள்ளுகின்றன! சத்தம் அங்கேதான் போகிறது. அந்த மானிட்டரிலோ ஹெட்போன் துளை மட்டும்தான், ஸ்பீக்கரே கிடையாது. அதே பட்டியலில் ரியல்டெக் (கம்ப்யூட்டரின் சொந்த சவுண்ட் சிப்) என்றிருந்த ஸ்பீக்கரை ரைட் கிளிக் செய்து ‘செட் ஆஸ் டிஃபால்ட் டிவைஸ்’ கொடுத்தேன். உடனே பாட்டு அலறியது; தேடும்போது வால்யூமை நூறில் வைத்திருந்தேனே! மானிட்டரை அங்கேயே டிசேபிள் செய்துவிட்டேன்.