பை வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

சைக்கிளில் நீண்ட பயணம் கிளம்பும் புதியவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் பை நல்லது?" அடுத்தது, "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" இரண்டுமே கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள். ஞாயிறு காலையில் ஈசிஆர் (சென்னை–பாண்டி கடற்கரைச் சாலை) பக்கம் நின்று பாருங்கள். ஆடும் பை, உரசும் பை, அவிழ்ந்து சக்கரத்துக்குள் போகப் பார்க்கும் ஸ்டிராப் என்று எங்கள் செட் பல வருடம் முன்பு அடித்த அதே கூத்து, இப்போது புது வண்டிகளில் நடக்கிறது. ஜிப்பை மூட மறப்பது, மழைக்கு உறை எடுக்காமல் போவது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை நனைந்தால் தானாக வந்துவிடும்.

லிட்டரைப் பார்த்து சீட் பேக் வாங்குவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சீட்டுக்கு அடியில் கட்டி, பின்னால் நீண்டு நிற்குமே, அந்தப் பை. 14 லிட்டர், 16 லிட்டர் என்று விற்கிறார்கள். விளம்பரப் படத்தில் பார்க்கவும் அம்சமாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் வண்டி யாருடையது என்று கவனித்தீர்களா? ஆறடி ஆளுடைய வண்டி. சீட் தூக்கலாக இருக்கும், சீட்டுக்கும் டயருக்கும் நடுவே பை தாராளமாக உட்கார இடம் இருக்கும்.

நம்மில் பலர் ஓட்டுவது ஸ்மால் சைஸ் ஃபிரேம். சக்கரம் மட்டும் பெரியவர்களுக்கு உள்ள அதே 29 இஞ்ச் அல்லது 700சி (ரோடு பைக் சக்கர அளவு). ஐந்தேகால் அடி, ஐந்தரை அடி உயரம் உள்ளவர் தனக்குச் சரியான உயரத்தில் சீட்டை வைத்தால், சீட்டின் அடிக்கம்பியில் இருந்து டயர் வரை 15, 16 செ.மீ. மிஞ்சினாலே அதிகம். பெரிய சீட் பேக்குகளோ பெரும்பாலும் 20 செ.மீ.க்கு மேல் கேட்கும். இந்தக் கணக்கு பையின் விவரக்குறிப்பிலேயே எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். லிட்டர்தான் பெரிய எழுத்தில்.

பாண்டிச்சேரிப் பயணம் ஒன்றில் எங்களோடு வந்த தம்பி, ஸ்மால் சைஸ் எம்டிபியில் (மலைப்பாதை சைக்கிள்) 16 லிட்டர் பையைக் கட்டியிருந்தான். முந்தின நாள் வீட்டில் காலிப் பையை மாட்டிப் பார்த்திருக்கிறான், கச்சிதமாக இருந்திருக்கிறது. துணி, லுங்கி, சார்ஜர், ஸ்பேர் ட்யூப் எல்லாம் உள்ளே போனதும் பை தொய்ந்துவிட்டது. கோவளம் தாண்டி ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் சர்ரென்று ஒரு சத்தம். "அண்ணா, பிரேக் உரசுது போல" என்றான். டீக்கடையில் நிறுத்திப் பார்த்தோம். பிரேக்கில் ஒன்றும் இல்லை. பையின் அடியைத் தொட்டால் சுட்டது. துணியின் நெசவு மழுங்கி, கறுப்பாகப் பளபளத்தது. ஸ்டிராப்பை இறுக்கிக் கட்டிக் கிளம்பினோம். மரக்காணம் உப்பளம் வருவதற்குள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. லுங்கியின் ஓரம் வெளியே வந்து டயரில் அரைபட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளை, அது சக்கரத்தில் சுற்றவில்லை. சுற்றியிருந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும்.

எட்டாயிரம் ரூபாய் பை. சரி, போகட்டும் என்றால், ஊருக்குத் திரும்பிய அடுத்த மாதமே வேறு பிராண்டில் அதே 16 லிட்டர் பை வாங்கினான்! "பழைய பை துணி சரியில்லண்ணா" என்று விளக்கம் வேறு. துணியில் என்ன இருக்கிறது? டயரில் தேய்த்தால் எந்தத் துணியும் கிழியத்தான் செய்யும்.

அளப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. நீங்கள் வழக்கமாக ஓட்டும் உயரத்தில் சீட்டை வையுங்கள். அடிக்கம்பியில் இருந்து நேர் கீழே டயரின் மேல்பகுதி வரை டேப்பைப் பிடியுங்கள். மட்கார்டு இருந்தால் அது வரைக்கும். பின்னால் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால், ஷாக்கில் காற்றை இறக்கி முழுக்க அமுக்கிவிட்டு அளக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் அவ்வளவு தூரம் மேலே வரும். டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் கம்பி) இருந்தால் சீட்டைக் கீழே இறக்கி அளந்து பாருங்கள். வருகிற எண்ணில் இருந்து பை தொய்வதற்கு இரண்டு விரல் கழித்துக்கொள்ளுங்கள். மீதி இடத்தில் எது உட்காருமோ அதுதான் உங்கள் பை, அது 8 லிட்டரே ஆனாலும். ஒன்றுமே உட்காராது என்றால் கேரியர் மாட்டுங்கள். அதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று எனக்குப் புரிவதே இல்லை. இந்தப் பைகள் பிரபலமானதே, கேரியர் தாங்காத கரடுமுரடான பாதைகளிலும் பனியிலும் ஓட்டியவர்களால்தான். சென்னை–பாண்டி தார் ரோட்டில் அந்தப் பிரச்சினையே கிடையாது.

இடம் தாராளமாக இருந்தும் பை ஆடுகிறதா? கனமான சாமான் பையின் வால்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். கனமானதை சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் கம்பி) ஒட்டி உள்ளே தள்ளுங்கள், துணி பின்னால் போகட்டும். காற்றை முழுக்க வெளியேற்றிச் சுருட்டி மூடுங்கள். டூல்ஸ், பூட்டு இரண்டும் இந்தப் பைக்குள் வரவே கூடாது. அவற்றின் இடம், ஃபிரேமின் முக்கோணத்துக்குள் கட்டும் ஃபிரேம் பேக்.

ஹேண்டில்பாரில் பையைத் திணிப்பது

கடையில் பையைக் கட்டிவிட்டு வண்டியை நேராக நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கியர் கேபிள் பைக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மடங்கினால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறும்போது கியர் தானாகத் தாவ ஆரம்பிக்கும். கேபிளுக்கும் பைக்கும் நடுவே சின்ன ஃபோம் துண்டு வைத்தால் தீர்ந்தது. டிராப் பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்) வைத்திருப்பவர்கள், பிரேக் லீவரை முழுக்க அழுத்தும்போது விரல் பையில் முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஃபிரேமைச் சும்மா விடுவது

ஸ்டிராப் படும் இடம் எல்லாம் நிறமில்லாத ஒட்டும் டேப் ஒட்டுங்கள். மழையில் நனைந்த ஸ்டிராப்புக்கு அடியில் மணல் புகுந்தால் அது உப்புத்தாள்தான். கார்பன் ஃபிரேம், கார்பன் சீட் போஸ்ட் என்றால் டேப் இல்லாமல் எதையும் கட்டாதீர்கள்.

தண்ணீருக்கு இடம் இல்லாமல் ஃபிரேம் பேக்

முழு ஃபிரேம் பேக் மாட்டினால் தண்ணீர் பாட்டில் வைக்கும் கேஜ் இரண்டும் போச்சு. மே மாதத்தில் அது விபரீதம். பாதி அளவுப் பை போதும்.

பின்விளக்கு

பை மறைக்கிறது. விளக்கைப் பையின் மேல் மாட்டுங்கள்.

டூரிங் பையோடு ஆபீஸ் போவது

நாலு ஸ்டிராப்பை காலையில் கட்டி, ஆபீஸ் வாசலில் அவிழ்த்து, சாயங்காலம் மறுபடி கட்டி... ஒரு வாரம் தாங்கும், அப்புறம் வண்டி வீட்டில் நிற்கும். தினசரிப் போக்குவரத்துக்கு கேரியரும், அதன் பக்கவாட்டில் கொக்கியில் மாட்டிக் கழற்றும் பை, அதாவது பேனியர் ஒன்றும் போதும். லேப்டாப் அதில் நிமிர்ந்து நிற்கும். ஒற்றைப் பையாக மாட்டினால் வண்டி சாயுமோ என்று பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது குதிகால். பேனியரை மாட்டி, ஷூவோடு பெடலைப் பின்னால் சுற்றிப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்டுங்கள். ஃபிரேமின் பின்பகுதி குட்டையான ரோடு பைக்குகளில், தள்ளினாலும் இடிக்கும். அந்த வண்டிகளுக்குச் சின்னப் பேனியர்தான் சரி. கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருப்பார்கள், 25 என்று நிறையப் பார்க்கலாம். அது இரண்டு பைக்கும் மேலே கட்டுவதற்கும் சேர்த்து. சீட் போஸ்ட்டில் மட்டும் பிடிக்கும் கேரியர் என்றால் அதில் பாதிகூடத் தாங்காது. கேரியர் போல்ட்டுகள் புதிதில் தளரும், முதல் வாரம் முடிந்ததும் ஒரு முறை ஆலன் கீயால் இறுக்கிவிடுங்கள்.

சாம்பார் டப்பா

லேப்டாப் இருக்கும் பையில் வேண்டாம்.