நியூயார்க் மதியம், ராயபுரம் நள்ளிரவு

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா (பாட்டாலேயே கதை சொல்லும் இசை நாடகங்களின் அரங்கம்) 2006 டிசம்பரிலிருந்து தியேட்டர் திரைகளுக்கு நேரலையாக அனுப்பும் சனிக்கிழமைக் காட்சி, பெரும்பாலும் நியூயார்க் நேரம் மதியம் 1 மணிக்கு. சீசன் முழுக்க நம் நேரம் இரவு 10.30 என்று காலண்டரில் போட்டுவைத்ததுதான் என் தப்பு. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அப்புறம் நமக்கு 11.30. மார்ச் இரண்டாவது ஞாயிறில் மறுபடி 10.30.

சரிசெய்தது இப்படி: போன் காலண்டரில் நிகழ்ச்சியைத் திறந்து, டைம் ஸோனை 'நியூயார்க்' என்று மாற்றி, 1 மணி என்றே போட்டேன். மாற்றத்தை போனே பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, நீளம். புச்சினியின் 'லா போயெம்' ஆப்பரா நாலு அங்கம், இசை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள். இடைவேளையோடு கூட்டித்தான் நேரத்தை ஒதுக்கணும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பரா என்றால் நேரலை ஆசையே வேண்டாம்; ஐந்து மணி நேரம்கூட இழுக்கும், தொடக்க நேரமும் முன்னாடி வரும். ஞாயிறு விடியலில் காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு அது ஆகாது. பதிவை வாரநாளில் ராத்திரிக்கு ஓர் அங்கமாகப் பார்க்கலாம். அங்கத்தின் நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள், பாட்டின் பிடி விட்டுப்போகும்.