லுவா ஸ்க்ரிப்டிலிருந்து நம் சி ஃபங்ஷனைக் கூப்பிட வைப்பது எப்படி

எடை மேடை மென்பொருளில் தராசு எங்கேயும் ஒன்றுதான், கழிவுக் கணக்குதான் இடத்துக்கு இடம் மாறும். அரிசி ஆலைக்காரர் சாக்கு எடையைக் கழிப்பார், ஈரப்பதத்துக்குத் தனியாகக் கழிப்பார். பழைய இரும்பு வாங்குபவர் மண்ணுக்கும் துருவுக்கும் ஒரு சதவீதம் வைத்திருப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சி நிரலைத் திறந்து கம்பைல் செய்து அனுப்புவது வீண் வேலை. கணக்கை லுவா ஸ்க்ரிப்டில் விட்டுவிட்டு, தராசைப் படிப்பதையும் சீட்டு அச்சடிப்பதையும் மட்டும் சி-யில் வைத்திருக்கிறேன். பிரேசிலில் ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த லுவா, இன்னொரு நிரலுக்குள் உட்காருவதற்குத் தோதான மொழி. இங்கே சொல்வது 5.4 பதிப்புக்கு.

லுவா கூப்பிடும் எல்லா சி ஃபங்ஷனுக்கும் ஒரே வடிவம்தான். லுவா ஸ்டேட்டின் (ஓடிக்கொண்டிருக்கும் லுவாவின் முழு நிலை) பாயிண்டரை வாங்கும், ஒரு இன்டிஜரைத் திருப்பும். அந்த இன்டிஜர் விடை அல்ல, எத்தனை விடைகளை ஸ்டாக்கில் (லுவாவும் சி-யும் மதிப்புகளைக் கைமாற்றும் அடுக்கு) வைத்தோம் என்ற எண்ணிக்கை. ஸ்க்ரிப்ட் கொடுத்த ஆர்க்யுமென்ட்கள் ஸ்டாக்கில் 1, 2, 3 என்று அடியிலிருந்து இருக்கும். மைனஸ் 1 என்றால் எப்போதும் உச்சியில் இருப்பது.

என் எடை படிக்கும் ஃபங்ஷனைப் பாருங்கள். முதல் வரியில் செக் இன்டிஜரைக் கூப்பிட்டு, 1-ஆம் இடத்தில் இருக்கும் போர்ட் எண்ணை எடுக்கிறேன். அங்கே எண்ணுக்குப் பதில் டேபிள் வந்திருந்தால், எந்த ஆர்க்யுமென்டில் என்ன தப்பு என்று லுவாவே பிழை காட்டிவிடும். அப்புறம் தராசைப் படிக்கிறேன். பிறகு புஷ் நம்பரால் எடை, புஷ் பூலியனால் முள் நின்றதா இல்லையா, இரண்டையும் ஏற்றி, 2 என்று திருப்புகிறேன். கேபிள் கழன்றிருந்தால் நில் (nil, மதிப்பு எதுவும் இல்லை என்பது) ஒன்றையும் காரணம் சொல்லும் ஸ்ட்ரிங் ஒன்றையும் திருப்புகிறேன். நடக்கக்கூடிய கோளாறுக்கு நில், ஸ்க்ரிப்ட் எழுதியவரின் தப்புக்கு எர்ரர். இந்தப் பிரிவை எல்லா ஃபங்ஷனிலும் ஒரே மாதிரி வைத்தால் ஸ்க்ரிப்ட் எழுதுபவருக்குக் குழப்பம் வராது.

பதிவு செய்வது சுலபம். ஒரே ஒரு ஃபங்ஷன் என்றால் ரெஜிஸ்டர் மேக்ரோ போதும், அது குளோபலாக வைத்துவிடும். பல இருந்தால் பெயரும் பாயிண்டரும் கொண்ட ஒரு அர்ரே எழுதி, கடைசியில் இரண்டும் NULL ஆக ஒரு வரி சேர்த்து, நியூலிப்பிடம் (luaL_newlib) கொடுங்கள். ‘தராசு’ போல ஒரு டேபிளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த NULL வரி விட்டுப்போனால் அர்ரேயைத் தாண்டிப் படித்து நிரல் எங்கோ போய் விழும்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். லுவாவில் பிழை எழும்பினால் உங்கள் சி ஃபங்ஷனின் மீதி வரிகள் ஓடாது. லாங்ஜம்ப் ஆகி, பிகால் (lua_pcall, பிழையைப் பிடித்துக்கொள்ளும் அழைப்பு) போட்ட இடத்துக்கு நேராகத் தாவிவிடும். நடுவில் மாலாக் செய்த நினைவகம், திறந்த போர்ட், பூட்டிய மியூடெக்ஸ் எல்லாம் அப்படியே கிடக்கும். சி++ எழுதுபவர்களுக்கு இன்னும் கவனம் தேவை: லுவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்யாதவரை டிஸ்ட்ரக்டர் ஓடும் என்று நம்பக் கூடாது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எல்லா ஆர்க்யுமென்டையும் சோதித்துவிடுங்கள். அப்புறம் லுவாவைப் பற்றி எதுவும் தெரியாத தனி சி ஃபங்ஷனில் போர்ட்டைத் திறந்து, படித்து, மூடுங்கள். கடைசியில்தான் விடையை ஏற்ற வேண்டும். புஷ் ஸ்ட்ரிங்கூட நினைவகம் போதாமல் பிழை எழுப்பலாம், அதனால்தான் மூடிய பிறகு ஏற்றச் சொல்கிறேன்.

செக் ஸ்ட்ரிங் தரும் பாயிண்டர் லுவாவுக்குச் சொந்தம். ஃபங்ஷன் முடிந்த பிறகும் வேண்டுமென்றால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘எடை நின்றதும் இதைக் கூப்பிடு’ என்று ஸ்க்ரிப்ட் தன் ஃபங்ஷனையே கொடுத்தால், ரெஃப் (luaL_ref) போட்டு, சி நிரல் மதிப்புகளைச் சேமிக்க லுவா தரும் டேபிளான ரெஜிஸ்ட்ரியில் வையுங்கள், கிடைக்கும் எண்ணைச் சேமியுங்கள். நேரம் வரும்போது ராகெட்ஐ-யால் (lua_rawgeti) எடுத்து, எடையை ஏற்றி, பிகாலால் கூப்பிடலாம். வேலை முடிந்ததும் அன்ரெஃப். பிழையைப் பிடிக்காத lua_call-ஐப் பயன்படுத்தி, அதற்கு மேலே எங்கும் பிகால் இல்லாமலிருந்தால், ஸ்க்ரிப்டில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் முழு நிரலும் நின்றுபோகும். சீரியல் போர்ட் படிக்கும் த்ரெட்டிலிருந்து நேரடியாகக் கூப்பிடவே கூடாது. ஒரு லுவா ஸ்டேட்டை ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் தொடக் கூடாது. எடையை வரிசையில் போட்டு, முதன்மை த்ரெட் எடுத்துக்கொள்ளட்டும்.

எந்த ஃபங்ஷன்களைக் கொடுக்கலாம்? என் தீர்மானம்: தராசுக்காரர் பேசுகிற அளவில் மட்டும். எடை படி, சீட்டு அச்சிடு, போதும். போர்ட்டில் பைட் எழுதும் ஃபங்ஷனைக் கொடுத்தால் எடையைத் திருத்தவும் வழி கொடுத்ததாகிவிடும், அதில் விவசாயியின் பணம் இருக்கிறது. இதே காரணத்துக்காக, லுவாவின் எல்லா நூலகங்களையும் ஒரேயடியாக ஏற்றும் ஓபன்லிப்ஸையும் (luaL_openlibs) தவிர்க்கிறேன், அதில் கோப்பை அழிக்கும் வசதிவரை எல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு நூலகமாக ஏற்றும் ரிக்வயர்எஃப்-ஆல் (luaL_requiref) பேஸ், ஸ்ட்ரிங், டேபிள், மேத் மட்டும் ஏற்றி, பேஸில் உள்ள லோட், லோட்ஃபைல், டூஃபைல் மூன்றையும் நில் ஆக்கிவிடுங்கள். முடிவில்லாத லூப்புக்கு செட்ஹூக்கில் (lua_sethook) லுவா கட்டளைகளை எண்ணும் கவுண்ட் வைத்து, வரம்பு தாண்டினால் எர்ரர் எழுப்புங்கள். ஸ்க்ரிப்டின் கையிலேயே பிகால் இருந்தால் அந்த எர்ரரை அது விழுங்கிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பேஸிலுள்ள பிகாலையும் எக்ஸ்பிகாலையும் சேர்த்தே நில் ஆக்க வேண்டும்.