காப்ரிக்குக் கப்பலேறும் முன் நேப்பிள்சில் ஒரு கோடைப் பகல்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இத்தாலியின் துறைமுக நகரான நேப்பிள்சில் வெயில் 30 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம் என்பதால், காப்ரி அல்லது இஸ்கியா தீவுக்குப் புறப்படும் முன் அங்கே ஒரு நாள் தங்குவோர், ஸ்பக்கனாப்போலி என்னும் நீண்ட குறுகிய தெருவைக் காலை பத்து மணிக்குள் நடந்து முடித்துவிடுவது நல்லது. தேவாலயங்களுக்குள் செல்லத் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டுமாகையால், பையில் ஒரு மெல்லிய பருத்தித் துப்பட்டா இருக்கட்டும்.

உச்சிப்பொழுதுக்கு உரிய இடம் நிலத்தடிதான். சான் கயேத்தானோ சதுக்கத்துக்கு அருகே தொடங்கும் சுற்றுலாவில் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறோம். கிரேக்கர்கள் கல் வெட்டியெடுத்த குடைவுகள் ரோமானியர் காலத்தில் நீர்த்தொட்டிகளாகி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சிலிருந்து மக்களைக் காத்த புகலிடங்களாயின. வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே குளிர்வதால், மெல்லிய மேற்சட்டை ஒன்று தேவைப்படும். சில வழிகள் மிகக் குறுகலானவை. அடைப்பிடம் கண்டு அஞ்சுவோர் இதைத் தவிர்த்து, தொல்லியல் அருங்காட்சியகத்தில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயியின் ஓவியங்களைப் பார்க்கலாம். அது செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும்.

பெட்டிகளை மத்திய ரயில் நிலையத்தின் பாதுகாப்பறையில் விட்டுவிட்டால் கைவீசி நடக்கலாம். விரைவுப் படகுகள் பெவெரெல்லோ துறையிலிருந்தும், வாகனங்களையும் ஏற்றும் பெரிய கப்பல்கள் அருகிலுள்ள போர்த்தா தி மாஸ்ஸா துறையிலிருந்தும் புறப்படுவதால், பயணச்சீட்டில் துறையின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பல் மெதுவாகச் சென்றாலும், திறந்த மேல்தளத்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டே வெசுவியஸ் மலையைப் பார்த்தபடி போகலாம் என்பதால், என் தேர்வு அதுவே.