லிவர் ரிப்போர்ட்டில் நம்பர் கூடினால்: வளைகுடா போன நெல்லைப் பிள்ளைகளுக்கு

வேலையில் சேர்ந்து சில மாதத்தில் மெடிக்கல் எடுத்தால், "லிவர் என்சைம் கூடியிருக்கு" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். உடனே பாளையங்கோட்டைக்குப் போன் போகும். அம்மா கீழாநெல்லியைப் பறித்துக் காயவைத்து, அடுத்து விமானம் ஏறுகிற அண்ணாச்சியின் பெட்டியில் திணித்துவிடுவார். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் குழப்பம் பெயரில்தான். நம்ம ஊர் லேபில் எஸ்ஜிபிடி என்று அச்சடிப்பது அங்கே ஏஎல்டி; எஸ்ஜிஓடி என்பது ஏஎஸ்டி. கல்லீரல் செல் அடிபட்டால் இவை ரத்தத்தில் கசியும். மேல் வரம்பு லேபுக்கு லேப் மாறும், பெரும்பாலும் 40ஐ ஒட்டி இருக்கும். 70, 80 வந்தால் காரணம் தேட வேண்டும், கலங்க வேண்டாம். ஏஎஸ்டி தசையிலும் உண்டு. முந்தின நாள் ஜிம்மில் வெளுத்து வாங்கியிருந்தாலும், நாள் முழுக்கச் சுமை தூக்கியிருந்தாலும் ஏறும். சில நாள் ஓய்வுக்குப் பின் டாக்டர் சொல்கிற தேதியில் மறுபடி பாருங்கள்.

அடுத்தது மாத்திரை. இதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். என் ரூமில் இருந்த கடையநல்லூர்த் தம்பி காய்ச்சலுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650 போட்டான். கேட்கவில்லை என்று அங்கே வாங்கிய பனடோல். ராத்திரி சளிக்கு இன்னொன்று. மூன்று அட்டையையும் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் பாராசிட்டமால்! பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம்: 500 மில்லிகிராமில் 8, 650இல் 6. குடிப்பவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அதுவே அதிகமாகலாம்.

டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். சூரணம், லேகியம், ஜிம் பவுடர் எல்லாமும்தான். நாட்டு மருந்துதானே என்று மறைக்காதீர்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி நம் நாட்டு டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். கீழாநெல்லியும் பரிசோதனைக்கு மாற்று இல்லை.

குடிக்காதவனுக்கும் கொழுப்புக் கல்லீரல் வரும். ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா, கூடவே ஒரு கோலா, அப்படியே படுக்கை என்றால் வராமல் என்ன செய்யும்? ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 தாண்டினால் உஷார். 80 கிலோ இருப்பவர் மெதுவாக ஆறேழு கிலோ குறைத்தாலே நம்பர் இறங்க வாய்ப்பு அதிகம். காப்பி கல்லீரலுக்கு நல்லது என்கிறார்கள், சரி. ஆனால் கருப்பட்டிக் காப்பி என்றால் அந்தக் கருப்பட்டியும் சர்க்கரைக் கணக்குதான். குடிப்பவர்கள் நிறுத்துங்கள், அதில் பேரம் கிடையாது.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் விசா மெடிக்கலில் பார்த்திருப்பார்கள். பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் சாயா (பால் ஊற்றாத டீ) நிறத்தில் போனாலோ, ஓயாத வாந்தியோ, பேச்சில் தடுமாற்றமோ இருந்தாலோ அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள். லீவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மற்றவர்கள் லீவில் வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ தெரிந்த டாக்டரிடமோ காட்டினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். திரும்பும்போது அல்வா வாங்காமல் போக மாட்டீர்கள், தெரியும். அரைக் கிலோ வாங்குங்கள். ரூமில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்பதை மறக்காமல்.