ஹூஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வீடு மாற்றம்: ட்ரக்கோடு பாலைவனத்தைக் கடப்பது எப்படி

ஹூஸ்டனில் ஏறினால் லாஸ் ஏஞ்சலஸ் வரை ஐ-10 ஒரே நெடுஞ்சாலைதான், சுமார் 1,550 மைல். அதில் கிட்டத்தட்ட பாதி டெக்ஸஸைத் தாண்டுவதற்கே போய்விடும். ஒரு நாளுக்குள் போய்விடலாம் என்று மேப் காட்டுவது காருக்கான கணக்கு, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மேற்கு டெக்ஸஸில் வேக வரம்பு 80 மைல் இருந்தாலும், யூ-ஹால் நிறுவனத்தின் வாடகை ட்ரக்கின் பின்னால் உங்கள் காரையும் கட்டி இழுத்தால் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் ஸ்டாக்டன், லார்ட்ஸ்பர்க், ஃபீனிக்ஸ் என்று மூன்று இரவு தங்கல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடக் குறைத்தால் தாங்காது.

கோடையில்தான் பெரும்பாலோர் மாறுகிறோம், பள்ளி விடுமுறைக்காக. அந்த நேரத்தில் வெயில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்தது. டிரைவர் இருக்கும் இடத்தில் ஏசி உண்டு, பின்னால் சாமான் பெட்டியில் கிடையாது, உள்ளே வெளியை விட இன்னும் அதிகமாகக் கொதிக்கும். அதனால் சாமான் ஏற்றுவதற்கு முன்பே எது ட்ரக்கில், எது காருக்குள் என்று பிரித்துவிடுங்கள்.

மாத்திரை, இன்சுலின், லேப்டாப், நகை, பாஸ்போர்ட் எல்லாம் உங்கள் கூடவே இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், நெய், மெழுகுவர்த்தியை யாருக்காவது கொடுத்துவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் வீணை இருந்தால் தயவுசெய்து அதை ட்ரக்கில் ஏற்றாதீர்கள். மெட்டுகள் மெழுகின் மேல்தான் பதிந்திருக்கின்றன, அந்தச் சூட்டில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால் மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிக்க, ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். வீணை, மிருதங்கம் இரண்டையும் ஏசி ஓடும் காருக்குள் வையுங்கள், இரவில் அறைக்குள் எடுத்துப் போங்கள். அப்படியென்றால் காரைக் கட்டி இழுப்பதை விட ஒருவர் ட்ரக், ஒருவர் கார் என்று தனித்தனியாக ஓட்டுவதே நல்லது. கார் கட்டிய ட்ரக்கைப் பின்னால் எடுப்பதும் பெரிய தலைவலி.

அடுத்தது கறிவேப்பிலைச் செடி. வருடக்கணக்காக வளர்த்ததை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும், அதனால் செடிக்கும் இலைக்கும் தடை. கொலராடோ ஆற்றைத் தாண்டியதும் பிளைத் என்ற ஊரில் கலிஃபோர்னியாவின் விவசாயச் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே கேட்பார்கள், இருந்தால் பறிமுதல்தான். போர்வைக்குள் மறைத்துக் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம், ஒரு செடியால் ஒருவருடைய தோட்டமே போய்விடலாம். ஹூஸ்டனிலேயே நண்பர் வீட்டில் கொடுத்துவிட்டு, அங்கே உள்ளூர் நர்சரியில் வாங்குங்கள். எலுமிச்சம்பழம் மிச்சம் இருந்தால் அரிசோனாவிலேயே பிழிந்து குடித்துவிடலாம்.

வண்டி விஷயம். 26 அடி யூ-ஹால் ட்ரக்கில் 60 கேலன் டேங்க், கேலனுக்கு 10 மைல் என்று நிறுவனம் சொல்கிறது. எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் அது குறையும். ஓசோனாவிலிருந்து ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை நூறு மைலுக்கு மேல் பெரிய ஊர் எதுவும் இல்லை, ஆகவே பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஏற்றத்தில் இன்ஜின் சூட்டு முள் மேலே போனால் ஏசியை நிறுத்தி ஹீட்டரைப் போடுங்கள். வேர்க்கும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் கையில் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்காதீர்கள், வண்டியோடு இருங்கள். அப்புறம், சொந்தக் கார் காப்பீடும் கிரெடிட் கார்டு காப்பீடும் பெரும்பாலும் வாடகை ட்ரக்குக்குப் பொருந்தாது, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் விடியற்காலை நாலு, நாலரைக்குக் கிளம்புங்கள். மேற்கே போகப் போக நேரமும் கூடக் கிடைக்கும்: வான் ஹார்னைத் தாண்டியதும் ஒரு மணி நேரம், கோடையில் அரிசோனாவுக்குள் நுழைந்ததும் இன்னொன்று. சான் அன்டோனியோ தாண்டினால் எல் பாசோ வரை நம் சாப்பாடு கிடைப்பது கடினம். முதல் நாளைக்குப் புளியோதரை, அடுத்த நாட்களுக்கு ஒரு சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப்பொடியும் போதும்.

நான் பயப்படச் சொல்வது புழுதிப் புயலுக்குத்தான். லார்ட்ஸ்பர்க்குக்கு மேற்கே உள்ள வறண்ட ஏரிப் படுகையிலும், டூசானுக்கும் ஃபீனிக்ஸுக்கும் நடுவிலும், ஒரு நிமிடத்தில் முன்னால் போகும் வண்டி மறைந்துவிடும். அப்போது சாலையை விட்டு எவ்வளவு தள்ளி ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்குங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள், எமர்ஜென்சி விளக்கு உட்பட. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். உங்கள் பின் விளக்கு எரிந்தால், சாலை அதுதான் என்று நினைத்துப் பின்னால் வருகிறவர் நேராக உங்கள் மேல் வந்து மோதுவார். சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம், இந்தப் புயல்கள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாஸ் க்ரூஸஸைத் தாண்டியதும் எல்லைக் காவல் சாவடி. குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பிய எல்லோரும் பதிவு ஆவணத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டோ, ஹெச்-1பி வேலை விசா என்றால் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), ஐ-797 (மனு ஒப்புதல் கடிதம்) மூன்றுமோ, ட்ரக் ஓட்டுகிறவரிடமும் கார் ஓட்டுகிறவரிடமும் தனித்தனியே இருக்கட்டும். கடைசி நாள் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் காற்றாலைகள் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், அந்தக் கணவாயில் பக்கக் காற்று உயரமான ட்ரக்கைத் தள்ளும்.

ஹெச்-1பி-யில் இருந்து வேலை இடமும் மாறுகிறதென்றால், திருத்திய மனுவை நிறுவனம் முன்பே தாக்கல் செய்திருக்க வேண்டும். சாமான் கட்டும் முன் வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். வீட்டில் குடியுரிமை இல்லாத ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் சேர்த்து.